தேன்நிலவும் ஒரு கடன் சீட்டும்



சென்ற மாதம் உறவினர் வீட்டுப் பிள்ளையொருவர் ஒரு வண்ணத் துண்டறிக்கையுடன் எங்களைத் தேடி வந்தார். ஷவ்வாலில் அவருக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது. துருக்கியில் ஆறு இரவுகள், இருவருக்கு, எளிய மாதத் தவணையில் என்று அந்த அறிக்கையில் அச்சிட்டிருந்தது. "நீங்கள் போய்வந்தீர்களே, எப்படி இருந்தது?" என்று கேட்டார். இந்த இரண்டு ஆண்டுகளாக எவர் கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ், நன்றாக இருந்தது" என்பதோடு நிறுத்திக்கொண்டு வந்தோம். அவரிடம் அப்படி நிறுத்த மனம் வரவில்லை. அன்றிரவு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம். இருவரும் சேர்ந்தே எழுதுவதால் 'நாங்கள்' என்றே குறிப்பிடுகிறோம். எவர் எதைச் செய்தார் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடங்களில் மட்டும் கணவர், மனைவி என்று வரும்.

நாங்கள் காயல்பட்டினத்தவர்கள். எங்கள் பெற்றோர் காலத்தில் தேன்நிலவு என்ற சொல் வீட்டில் புழங்கியதில்லை. சபர் என்றால் ஆண் தனியே கொழும்புக்கோ ஹாங்காங்குக்கோ பொருள் தேடிப் போவது. பெண் ஊரில் இருந்து நாள் எண்ணுவது. மணமான புதிதில் கணவனும் மனைவியும் ஒரே விமானத்தில் ஏறி, பிழைப்புக்காக அல்லாமல் வெறுமனே ஓர் ஊரைப் பார்த்துவர முடியும் என்பது எங்கள் உம்மாமார்களுக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அவர்களில் ஒருவர் வழியனுப்பும்போது, "இரண்டு பேரும் சேர்ந்தா சபர் போறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மணமான பத்தாவது நாள் தனியாக விடப்பட்டவர்.

இஸ்தான்புல்லைத் தேர்ந்தெடுத்தது மனைவி. பள்ளி நாட்களில் ஒரு நாட்காட்டியில் சுலைமானிய்யா பள்ளிவாசலின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அந்த ஆசை. பிறகு ஊர் முழுவதும் எர்துக்ருல் தொடரைப் பார்த்துத் தீர்த்த காலம் வந்தது, வீட்டுச் சிறுவர்கள் விறகுக் குச்சியை வாளாக்கித் திரிந்தார்கள், ஆசையும் வளர்ந்தது. நிக்காஹ் முடிந்த இரண்டாம் நாள், மைத்துனர்கள் சுற்றியிருக்க, "பெண்ணை எங்கே கூட்டிப்போகப் போகிறீர்கள் மாப்பிள்ளை?" என்று எவரோ கேட்க, கணவர் சற்றும் யோசிக்காமல் "துருக்கிக்கு" என்றார். அறை கலகலத்தது. மனைவி முக்காட்டுக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள எவரால் இயலும்?

கணவர் கைக்கூலி வாங்காமல் மணந்தவர். ஐந்து பவுன் சங்கிலியை மஹராக நிக்காஹ் சபையிலேயே கொடுத்தார். வலீமாவையும் தம் சேமிப்பிலிருந்தே நடத்தினார். இவை மூன்றும் முடிந்தபோது அவர் கையில் இருபதாயிரம் ரூபாய் மிஞ்சியிருந்தது. பயணத்துக்கான கட்டணம் 2,90,000. இந்தக் கணக்கு அப்போது எங்களில் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

2024 பிப்ரவரியில் சென்னையிலிருந்து வளைகுடா வழியாக இஸ்தான்புல் போய் இறங்கினோம். குளிர் எலும்பைத் தொட்டது. முதல் நாள் மாலையே எமினோனு துறையிலிருந்து உஸ்குதாருக்குப் படகில் சென்றோம். பேருந்துக்கும் படகுக்கும் ஒரே அட்டை. ஐரோப்பாவில் ஏறி ஆசியாவில் இறங்குவதற்கு ஏறத்தாழ இருபது நிமிடங்கள். கடற்பறவைகள் படகோடு கூடவே பறந்து வந்து, எள் தூவிய சிமித் ரொட்டியைக் கையிலிருந்தே கவ்விச் சென்றன. இடுப்பு குறுகிய சிறு கண்ணாடிக் குவளைகளில் கறுப்புத் தேநீர் விற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். கடலோரத்தில் பிறந்த எங்களுக்கு நீரும் படகும் புதிதல்ல. ஆனால் ஒரு கரையில் பள்ளிவாசல் மனாராக்களை விட்டு அடுத்த கரையிலும் மனாராக்களை நோக்கிப் போகும் படகு புதிது.

அந்தப் படகில்தான் எங்களுக்கு ஒரு சிறு சங்கடம் நேர்ந்தது. சொல்லச் சற்றுக் கூச்சம்தான். ஆயினும் எங்கள் பக்கத்துப் புதுமணத் தம்பதியர் அனைவரும் அறிந்ததே. நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கணவன் மனைவியின் தோல் ஒன்றோடொன்று பட்டால் எங்களுக்கு ஒளூ முறிந்துவிடும். துருக்கியர் ஹனஃபிகள், அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இளம் தம்பதியர் ஒளூச் செய்த ஈரத்தோடு கைகோத்துக்கொண்டே பள்ளிக்குள் வருகிறார்கள். நாங்களோ விடுதியில் ஒளூச் செய்துவிட்டுப் புறப்பட்டதால், வழுக்கும் படகுத்தளத்தில் இருவரும் தனித்தனிக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு நின்றோம். கரையேறியதும் தெருவோரக் கடையில் இரண்டு இணை கம்பளிக் கையுறைகள் வாங்கினோம். இடையில் துணியிருந்தால் ஒளூ நிற்கும் அல்லவா? அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் கையுறைக்குள் கைகோத்தே அந்த நகரம் முழுவதும் நடந்தோம். குளிருக்காக வாங்கியதென்றே வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தோம். இன்று உண்மை வெளியாகிறது.

மறுநாள் ஆயா சோஃபியாவில் லுஹர் தொழுதோம். 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசலாகத் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்குள் தொழ வருவோருக்குக் கட்டணம் இல்லை. மேல்மாடத்தைச் சுற்றிப் பார்க்க விரும்பும் வெளிநாட்டவருக்கு அப்போது 25 யூரோ. "மேலே போகலாமா?" என்று மனைவி கேட்டபோது கணவர் தலையாட்டி மறுத்தார். செலவை நினைத்துத்தான் மறுக்கிறார் என்று மனைவிக்குப் புரிந்தது. ஆனால் இவ்வளவு பெரிய பயணத்தை ஏற்பாடு செய்தவர் இதற்கு ஏன் தயங்குகிறார் என்பது புரியவில்லை.

அஸருக்குள் சுலைமானிய்யாவுக்கு ஏறினோம். கட்டடக் கலைஞர் சினான் 1550 முதல் 1557 வரை கட்டியது. நாட்காட்டிப் படத்தில் தெரியாதது அதன் அமைதி. வெளியே சுற்றுலாப் பயணிகளின் நெருக்கடி சுல்தான் அஹ்மது சதுக்கத்தோடு நின்றுவிடுகிறது; இங்கே முதியவர்கள் சுவரோரம் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். பள்ளியோடு மதரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கான சமையற்கூடம், குளியலகம் எல்லாவற்றையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். விளக்குகளின் புகை மேலெழுந்து குவிமாடத்தைக் கறுப்பாக்காமல், காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்குப் போய்ச் சேரும்படி சினான் அமைத்தாராம். அங்கே படிந்த கரியை வழித்து எழுதுவதற்கான மையாக்கினார்கள். பின்புறத் தோட்டத்தில் சுல்தான் சுலைமானின் பெரிய கப்ர் மண்டபம். அத்தனையும் கட்டிய சினானோ வளாகத்துக்கு வெளியே ஒரு தெருமுனையில் சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறார். மனைவி அந்தத் தெருமுனையில் வெகுநேரம் நின்றார்.

பள்ளியின் எதிர் வரிசையில் வெள்ளைப் பயற்றங்காய்க் கொட்டையைத் தக்காளியில் வேகவைத்து, சோற்றோடு தரும் கடைகள் இருக்கின்றன. எங்கள் ஊர்க் களறிச் சாப்பாட்டின் முன் அது எளிய உணவுதான். ஆனால் அந்தக் குளிரில், அந்தப் பசியில், அதைப்போல ஒன்றை நாங்கள் உண்டதில்லை. இந்த ஊரில் இன்னும் பத்து நாள் இருக்கலாம் என்று அப்போது பேசிக்கொண்டோம்.

அன்றிரவு ஒன்பதரை மணி. ஊரில் நள்ளிரவு. நல்ல படங்களெல்லாம் கணவரின் கைப்பேசியில் இருந்ததால், உம்மாவுக்கு அனுப்ப மனைவி அதில் படங்களைத் தேர்ந்துகொண்டிருந்தார். சுலைமானிய்யாவின் படத்தின் மேல் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. 2,70,000 ரூபாய்ச் செலவு 12 மாதத் தவணைகளாக மாற்றப்பட்டுள்ளது. ஆண்டு வட்டி 15 சதவீதம். முதல் தவணைக்கான தேதி இன்னது.

மனைவி அதை இருமுறை படித்தார். பிறகு கைப்பேசியைக் கணவரிடம் நீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

கணவர் முதலில் சொன்ன பதில் உண்மையல்ல. வட்டியில்லாத் தவணை என்று முகவர் சொன்னதாகச் சொன்னார். முகவர் அப்படிச் சொன்னது மெய்தான். ஆனால் கையொப்பமிடும் முன் விவரங்கள் திரையில் வந்ததையும், வட்டி என்ற வரியைக் கண்டும் காணாததுபோல் விரலால் தள்ளிவிட்டுச் சம்மதம் என்று அழுத்தியதையும் அரைமணி நேரம் கழித்து ஒப்புக்கொண்டார். "உனக்காகத்தானே செய்தேன்" என்றார். அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. "என் பெயரில் ஏன் வட்டி வாங்கினீர்கள்? நான் கேட்டேனா? நாகூருக்கு அழைத்துப் போயிருந்தாலும் வந்திருப்பேனே" என்று மனைவி அழுதார். கைக்கூலி வாங்காத மாப்பிள்ளை என்று தம் தோழியரிடம் அவர் எவ்வளவு பெருமையாகப் பேசியிருந்தார்!

கணவரின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கைக்கூலி வாங்காதவன் கையில் காசில்லாதவன் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்ற எண்ணம் அவரை உள்ளூர அரித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் மணமுடித்த நண்பர்கள் பாகுவுக்கும் பாலித் தீவுக்கும் போய்ப் படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுகிறார். புது வீட்டில், மாமனார் முன்னிலையில், சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாதவராக நிற்க அவருக்கு விருப்பமில்லை. இவை காரணங்கள், நியாயங்கள் அல்ல என்று இந்த வரியைத் தட்டச்சு செய்யும் அவரே சொல்லச் சொல்கிறார்.

அடுத்த நாள் முழுவதும் எங்கள் ஒளூ முறியவில்லை. கையுறைகள் பைக்குள்ளேயே கிடந்தன.

ஃபஜ்ருக்குப் பின் மனைவி பேசிய முதல் வாக்கியம் இது: "நாம் லுஹரைச் சுருக்கித் தொழலாமா?" கணவருக்குப் புரியவில்லை. மனைவி மதரஸாவில் ஓதியவர். பயணமே பாவத்துக்கானதாக இருந்தால், அந்தப் பயணிக்குக் கஸ்ர் செய்யும் சலுகை இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். வட்டிக் கடனில் வந்த இந்தப் பயணம் எந்த வகை என்பதே அவர் கேள்வி. சண்டைக்காக அவர் கேட்கவில்லை. மெய்யாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. முந்தைய நாள் ஆயா சோஃபியாவில் இரண்டு ரக்அத்தாகத் தொழுத லுஹர் கூடியதா இல்லையா என்று இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறார்.

ஊரில் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஓர் ஆலிமைக் கணவர் அழைத்தார். கேள்வியைக் கேட்பதென்றால் கடனைச் சொல்ல வேண்டும். ஆகவே கணவர் தம் செயலை முதன்முதலாக மூன்றாம் மனிதர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது இஸ்தான்புல் விடுதியொன்றின் மாடிப்படியில், குளிரில் பல் கிட்ட நின்றுகொண்டுதான். ஆலிம் பொறுமையாகக் கேட்டார். பாவம் செய்வதற்காகவே புறப்படுவது வேறு, புறப்பட்ட பயணத்தில் ஒரு பாவமும் சேர்ந்திருப்பது வேறு என்று விளக்கினார். மனைவியோடு ஊர் பார்க்கப் போவது ஆகுமான காரியம். எனவே கஸ்ர் செல்லும், தொழுத தொழுகையும் கூடும். கடன் ஒப்பந்தம் தனிக் குற்றம்; அதற்குத் தவ்பாச் செய்து, முடிந்தவரை விரைவில் அதை முடித்துவிட வேண்டும் என்றார். வைப்பதற்கு முன், "பெண்பிள்ளையைத் திட்டாதீர்; அவர் கேட்டது நல்ல கேள்வி" என்றும் சொன்னார். கணவர் திட்டவில்லை, திட்டும் நிலையில் இல்லை.

அன்று நாங்கள் அய்யூப் சுல்தான் பகுதிக்குப் போனோம். ஏற்கெனவே திட்டமிட்டிருந்ததால் போனோம், பேசிக்கொள்ளாமல் போனோம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது தம் வீட்டில் இடம் கொடுத்த அபூ அய்யூப் அல்-அன்சாரி (ரலி) அவர்கள் முதிய வயதில் இந்த நகரின் முற்றுகைக்கு வந்து, இதன் மதில்களுக்கு அருகே மறைந்தார்கள். அவர்களது அடக்கத்தலத்தை ஒட்டி இரண்டாம் முஹம்மது 1458-இல் பள்ளிவாசல் எழுப்பினார். இப்போது நிற்பது பிற்காலத்தில் புதிதாகக் கட்டியது. துருக்கியர் மணமுடித்த கையோடு அங்கே வந்து துஆச் செய்கிறார்கள். நாங்கள் நின்ற நேரத்தில் மணவுடை அணிந்த ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். நாங்களும் புதுமணத் தம்பதியர் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தம் வீட்டின் கீழ்த்தளத்தை நபியவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மேலே நடக்கவே கூசி, நீர் சிந்தினால் கீழே ஒழுகிவிடுமோ என்று தம் போர்வையால் துடைத்தெடுத்த அந்தத் தம்பதியரின் செய்தி மனைவிக்கு நினைவு வந்ததாம். அதை அவர் அன்று சொல்லவில்லை. வெகு நாட்கள் கழித்தே சொன்னார்.

மறுநாள் காலை கப்படோக்கியாவுக்கு விமானம். குகை விடுதியில் இரண்டு இரவுகள், விடியலில் வெப்பக்காற்றுப் பலூன். மாலையில் முகவரை அழைத்தோம். விமானச் சீட்டின் பணம் திரும்பாது. விடுதிக்கும் பலூனுக்குமாகச் சேர்த்து 38,000 ரூபாய் திருப்பித் தர முடியும் என்றார். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. கட்டிய பணம் கட்டியதுதான், போகாமல் விடுவதும் விரயம்தானே என்பது கணவரின் வாதம். கடனில் 38,000 குறைவது விரயமாகாது என்பது மனைவியின் வாதம். மனைவியின் வாதமே வென்றது. ஆனால் விமானச் சீட்டின் பணத்தை நினைக்கும்போது கணவர் இன்னும் பெருமூச்சு விடுகிறார்.

அந்த இரண்டு நாட்களுக்குப் புர்சாவைத் தேர்ந்தோம். எமினோனுவிலிருந்து மர்மரா கடலைக் கடக்கும் கப்பலில் முதான்யா துறைமுகம், அங்கிருந்து பேருந்து. கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எளிய விடுதியொன்றில் ஓர் இரவுக்கு 1,300 லிரா. அன்றைய மதிப்பில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். 1326-இல் ஓர்ஹான் கைப்பற்றிய இந்த ஊர்தான் உஸ்மானியரின் தலைநகராக விளங்கியது. எர்துக்ருலின் மகன் உஸ்மானும், அவர் மகன் ஓர்ஹானும் இங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். நகரின் பின்னே உலுதாக் மலை பனி மூடி நின்றது. தொடர் பார்த்த குடும்பத்தார்க்கு இந்தப் படங்களை அனுப்பியதும் வீட்டுச் சிறுவர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். கப்படோக்கியா என்னவாயிற்று என்று எவரும் கேட்கவேயில்லை.

புர்சாவின் பெரிய பள்ளிவாசலான உலு ஜாமியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாலாவது சுல்தானாகிய முதலாம் பாயஸீத், 1396-இல் நிக்கோபொலிஸ் போரில் வென்றால் இருபது பள்ளிகள் கட்டுவதாக நேர்ந்துகொண்டாராம். பின்னர் இருபது குவிமாடங்கள் கொண்ட ஒரே பள்ளியாகக் கட்டினாராம். நேர்ச்சைக் கதை எப்படியோ, குவிமாடங்கள் இருபதுதான். சுவர்களிலும் தூண்களிலும் ஆள் உயரத்துக்கு அரபு எழுத்தணி. தனித்து நிற்கும் பெரிய 'வாவ்' எழுத்தின் முன்னே மக்கள் நின்று பார்த்துக்கொண்டேயிருக்கிறார்கள்.

அதன் நடுவே, தொழும் இடத்துக்குள்ளேயே, ஒரு நீர்த்தடாகம் இருக்கிறது. மேலே கண்ணாடி வேய்ந்த குவிமாடத்திலிருந்து வெளிச்சம் நீரில் விழுகிறது. மக்கள் அங்கேயே ஒளூச் செய்கிறார்கள். எங்கள் பள்ளிகளில் ஹவ்ள் ஓரத்தில் இருக்கும்; இங்கே நடுவில் ஏன்? பள்ளியில் ஆங்கிலம் பேசும் ஒரு பெரியவர், அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதையைச் சொன்னார். பள்ளி கட்ட நிலம் எடுத்தபோது அந்த இடத்தில் ஒரு மூதாட்டியின் வீடு இருந்ததாம். அவர் விற்க மனமொப்பவில்லை. கடைசியில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் உடையவர் மனமுவந்து தராத இடத்தில் ஸுஜூது செய்வது தகாது என்று கருதி, அந்த அளவு இடத்தைத் தொழுகைக்கு விடாமல் தண்ணீருக்கு விட்டுவிட்டார்களாம். வரலாற்றுச் சான்று உண்டோ இல்லையோ, ஊரார் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள் என்பது மட்டும் உறுதி.

பெரியவர் போய்விட்டார். நாங்கள் தடாகத்தின் ஓரத்தில் நின்றோம். நீர் சொட்டும் ஓசை அந்தப் பெரிய மண்டபம் முழுவதும் கேட்டது. சற்று நேரத்துக்குப் பின் கணவர், "எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் அழுத்தினேன்" என்றார். இரண்டு நாட்களில் 'உனக்காக' என்ற சொல் இல்லாமல் அவர் அதைச் சொன்னது அப்போதுதான். மனைவி, "ஒளூச் செய்துகொள்ளுங்கள், நேரமாகிறது" என்றார்.

தொழுதபின் பள்ளியை ஒட்டியுள்ள கோஸா ஹானுக்குப் போனோம். இரண்டாம் பாயஸீது காலத்தில், 1491-இல் கட்டிய பட்டு வணிகர் சத்திரம். 'கோஸா' என்றால் பட்டுக்கூடு. ஒரு காலத்தில் பட்டுக்கூடுகள் மூட்டை மூட்டையாக விலைபோன முற்றத்தில் இப்போது மரங்களின் கீழே தேநீர் மேசைகள். நடுவில் தூண்கள் மேல் நிற்கும் ஒரு சிறு பள்ளி. அங்கே அமர்ந்ததும் மனைவி தம் கழுத்துச் சங்கிலியைத் தொட்டு, "இதை விற்று அடைத்துவிடுங்கள்" என்றார்.

கணவர் மறுத்தார். மஹர் பெண்ணின் உரிமை. கொடுத்து ஒரு மாதம் ஆகவில்லை. அதையே திரும்ப வாங்குவதா? மனைவி மனமுவந்து விட்டுத்தந்தால் கணவன் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்நிஸா அத்தியாயத்தில் இருப்பது இருவருக்கும் தெரியும். ஆனால் இந்த நிலையில் தருவதை மனமுவந்தது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். மூதாட்டியின் கதை இருவர் மனத்திலும் இருந்தது. மனைவி சிந்தித்துவிட்டு, "நன்கொடை வேண்டாம். கடனாக எடுத்துக்கொள்ளுங்கள். வட்டியில்லாக் கடன். எழுதிக்கொள்வோம்" என்றார். கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி அல்-பகராவில் வந்திருக்கும் நீண்ட வசனத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அதன்படி ஒருமுறைகூடச் செய்ததில்லை. விடுதியின் சீட்டுத்தாளில் எழுதினோம்: 22 காரட் தங்கம், 40 கிராம், மாதம் 2 கிராம் வீதம் இருபது மாதங்களில் திருப்பித் தர வேண்டும். இடையில் தேநீர் ஆறிவிட்டது. புதிதாக இரண்டு வாங்கினோம். தெருவுக்கு வந்தபோது கையுறைகளைத் தேடவில்லை; தொழுகைதான் முடிந்துவிட்டதே.

சாட்சிகளுக்கு ஊரில்தான் ஆள் தேட வேண்டும். எங்களுக்கு அதுவே பெரும் சோதனையாயிற்று. மனைவியின் வாப்பாவிடமும் கணவரின் காக்காவிடமும் சீட்டைக் காட்டினோம். வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதையும் படித்தார். மருமகனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கையொப்பமிட்டார். எழுந்து போகும்போது, "என்னிடம் கேட்டிருந்தால் கொழும்புக்கு அனுப்பியிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அதில் கோபம் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று எங்களால் இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

சங்கிலியை விற்றோம். அப்போது சென்னையில் பவுன் 46,000 ரூபாய் அளவில் இருந்தது. முகவர் திருப்பித் தந்த தொகையையும் கையிருப்பையும் சேர்த்து, முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்தையும் கட்டி, ரமலானுக்கு முன் அந்தக் கணக்கை முடித்தோம்.

அதற்கு மேல் நடந்ததைச் சொல்லும்போதுதான் உறவினர் வீட்டுப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். தங்கத்தைக் கடனாக வாங்கினால் தங்கமாகத்தான் திருப்ப வேண்டும், எடைக்கு எடை. முதல் சில மாதங்கள் மாதம் 2 கிராம் வாங்க முடிந்தது. பிறகு விலை ஏறத் தொடங்கியது, நின்றபாடில்லை. 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. இரண்டு கிராம் என்பது ஒரு கிராமாயிற்று. சில மாதங்களில் அதுவும் இல்லை. கணவரின் நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: வங்கிக்கு வட்டி கட்டியிருந்தால் இருபதாயிரத்துச் சொச்சத்தோடு போயிருக்கும், இப்போது லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறாய். கணக்கு சரிதான். நாங்களும் பலமுறை போட்டுப் பார்த்ததுதான்.

வாங்கிய அன்றைய விலைக்கு ரூபாயாகத் தந்தால் போதும் என்று மனைவி ஒருமுறை சொன்னார். மீதியை விட்டுத்தர உமக்கு உரிமையுண்டு, ஆனால் கேட்டுப் பெறுவது அவருக்கு அழகல்ல என்று அதே ஆலிம் சொன்னார். கணவர் கேட்கவில்லை, மனைவியும் விட்டுத்தரவில்லை. இதில் எவர் செய்தது சரி என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. மாமிமார் இரு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள்.

"அப்படியானால் போக வேண்டாம் என்கிறீர்களா?" என்று அந்தப் பிள்ளை கேட்டார். போய்வாருங்கள் என்றோம். கையில் இருப்பதற்கேற்ற நாளில், எத்தனை நாளுக்கு முடியுமோ அத்தனை நாளுக்குப் போய்வாருங்கள், புர்சாவை விட்டுவிடாதீர்கள், கையுறை மறக்காதீர்கள். அவர் துண்டறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை.

இதுவரை 29 கிராம் சேர்ந்திருக்கிறது. மீதி 11. நாற்பதும் நிறைந்ததும் மறுபடி சங்கிலியாக்க வேண்டும். பழைய சங்கிலியின் வடிவம் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. உலு ஜாமியில் பார்த்த அந்த வாவ் எழுத்தைப் பதக்கமாக வைக்க வேண்டும் என்கிறார் மனைவி. பழைய படத்தைக் காட்டி அதேபோலச் செய்யச் சொல்லலாம் என்கிறார் கணவர். பத்தரிடம் இன்னும் போகவில்லை.